கல்லில் வைத்த குங்குமம்

சுங்கை கெலாடியில் செத்துப் புதைத்த கருவாட்டுக்கடை ஓங் தெக் செங், சீனர்கள் கல்லறைக்குப் படையல் போடும் செங் பெங் நாளன்று, உச்சி வெயிலில் கல்லறை மலையிலிருந்து இறங்கி நடந்து வந்து தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டதற்குக் காரணம் பூக்கடை தெய்வானையின் குங்குமம்தான் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. செத்தவன் எப்படித் திரும்பி வரலாம் என்று யாரும் கேட்கவில்லை, வந்தவனை எங்கே உட்கார வைப்பது, என்ன சாப்பிடக் கொடுப்பது என்பதில் எல்லோரும் மும்முரமாகிவிட்டார்கள். தெய்வானையை என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை இருந்தது, அதில் ஒன்றுகூட நல்ல யோசனையாக இல்லை.

தெய்வானையின் முகம் சீன முகம், பேச்சு தோட்டத்துப் பேச்சு. சின்னக் கண்களும் வெளுத்த தோலுமான அந்த முகத்தின் நடுவே அகலமாகக் குங்குமம், கொண்டையில் மல்லிகை, இடுப்பில் செருகிய சேலை என்று மாரியம்மன் கோயில் வாசலில் மாலை கட்டிக்கொண்டிருப்பாள், புதிதாக வருகிறவர்கள் அவளிடம் மலாயில் விலை கேட்பார்கள், "ஏன், தமிழ்ல கேட்டா வாய் வலிக்குமா?" என்று அவள் திருப்பிக் கேட்டதும் அசடு வழிவார்கள். அவள் பிறந்த கையோடு ஓங் சீனக் கோயில் சாமியாடியிடம் போய் ஜாதகம் கேட்டான், சாமியாடி இந்தப் பெண் அப்பனைத் தின்றுவிடும் என்றான், கேட்ட மாத்திரத்தில் கிழவன் (அப்போது அவன் வாலிபன்தான், ஆனால் அந்த மனசுக்கு என்றைக்கும் கிழட்டு வயதுதான்) குழந்தையைக் கருவாட்டுக் கூடையில் போட்டு, மேலே செய்தித்தாளை மூடி, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்துக்கொண்டிருந்த காத்தமுத்துவின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். பிள்ளையில்லாத காத்தமுத்து கூடையோடு கும்பிட்டு வாங்கிக்கொண்டார். அவர் மனைவி பொன்னம்மாள் பயத்தமாவு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டியும் அந்தக் கருவாட்டு வாடை போக வெகுநாள் ஆயிற்று, போன பிறகு அந்தப் பெண் முழுக்க முழுக்க அவர்கள் பெண்ணாகிவிட்டாள்.

பெற்றவள் சியூ லான் மட்டும் விடவில்லை. புருஷனிடம் காய்கறி வியாபாரம் என்று சொல்லிக்கொண்டு, சைக்கிளின் பின்னால் கூடையைக் கட்டி, வாரம் தவறாமல் தோட்டத்துக் கூலிக்காரர் வரிசை வீடுகளான லயங்களுக்கு வந்தாள், வருவதற்காகவே அரைகுறைத் தமிழ் கற்றாள், காத்தமுத்து வீட்டு வாசலில் மட்டும் சைக்கிளை நிறுத்தி முள்ளங்கியை அடுக்கவும் கலைக்கவுமாக அரைமணி நேரம் கழிப்பாள். காய்கறி விற்கிற சீனத்தி தன்னை ஏன் இப்படிப் பார்க்கிறாள் என்று சின்னப்பெண் தெய்வானைக்குத் தெரியாது. ஒருநாள் சீனத்தியின் சட்டையின் வலது கையில் ஒரு துண்டுச் சாக்குத்துணி குத்தியிருந்ததைப் பார்த்து, "சட்டை கிழிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"கிழிஞ்சு இல்ல, பாப்பா. என் அம்மா செத்து," என்றாள் சியூ லான். "அம்மா செத்தா வலது கை. அப்பா செத்தா இடது கை. பாத்தா ஊருக்குத் தெரியும், இவ இன்னார் பிள்ளை. பேரப்பிள்ளை நீலம் போடும். மருமகன் வெள்ளை. சாக்கு, சொந்தப் பிள்ளைக்கு மட்டும்."

"எனக்கும் ஒண்ணு குடு."

சியூ லான் கூடையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள், வெகுநேரம் எதையோ தேடினாள், கடைசியில் ஒரு கேரட்டை எடுத்துக் குழந்தை கையில் வைத்துவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஓங் செத்து, காத்தமுத்துவும் பொன்னம்மாளும் அடுத்தடுத்துப் போய், ரப்பர் தோட்டத்தை எண்ணெய்ச் செம்பனை நடுவதற்காக அழித்து, எல்லோரும் ஊருக்குள் வந்து சேர்ந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகுதான், எண்பது வயதைத் தாண்டிய சியூ லான் ஒருநாள் பூக்கடைக்கு வந்து நின்று, தன் வாயால் அதைச் சொன்னாள். தெய்வானை அழவில்லை. கட்டிக்கொண்டிருந்த மாலையை முடித்துவிட்டு, "இத்தன வருசம் எனக்கு அழுகின முள்ளங்கியா வித்தீங்களேம்மா," என்றாள், அப்புறம்தான் அழுதாள், இரண்டு பேரும் அழுதார்கள், கோயிலுக்கு வந்தவர்கள் பூ வாங்க முடியாமல் நின்றார்கள்.

அதற்குப் பிறகு சியூ லான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். செங் பெங் அன்று குடும்பம் மலைக்குப் போகும்போது தெய்வானையும் வர வேண்டும். கருவாட்டுக்கடையை இப்போது நடத்தும் மூத்த மகன் கிம் ஹுவாட்டுக்கு அது அடியோடு பிடிக்கவில்லை, அவன் மனைவி ஆ லியானுக்கு அதைவிடப் பிடிக்கவில்லை, ஆனால் அம்மா சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டதால் சரி என்றார்கள்.

தெய்வானை காத்தமுத்து அப்பா சமாதிக்குப் போவதைப்போலவே புறப்பட்டாள். தலைக்குக் குளித்து, சிவப்புக் கரை போட்ட மஞ்சள் சேலை கட்டி, பூ வைத்து, பன்னீர் செம்பும் குங்குமச் சிமிழும் தட்டில் ஏந்திக்கொண்டு அவள் மலையடிவாரத்தில் வந்து நின்றபோது, வெள்ளையும் சாம்பலுமாக உடுத்தி வந்திருந்த குடும்பம் மொத்தமும் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கருவாட்டுக்கடையில் வந்து முகம் சுளிக்கிற சைவக்காரர் பார்வைகூட அதைவிடத் தேவலை. "கல்யாணத்துக்கு வந்திருக்கிறாயா?" என்று ஆ லியான் மலாயில் கேட்டாள்.

"அண்ணே, நான் எங்க நிக்கணும்?" என்று தெய்வானை கிம் ஹுவாட்டிடம் கேட்டாள்.

"யாருக்கு யார் அண்ணன்?" என்று அவனும் மலாயிலேயே சொன்னான். "அந்தப் புல் பக்கம் நில்லு."

புல் பக்கம் நின்றுகொண்டு தெய்வானை எல்லாவற்றையும் பார்த்தாள். அங்கே வாய் பேசுவது குறைவு, கண்ணுக்குத் தெரிகிறதுதான் பேச்சு. மேட்டின் மேல் வண்ணத்தாள்களைப் பரப்பிக் கல் வைத்தார்கள், அந்தத் தாள்கள் பறந்தால்தான் இந்தக் கல்லறைக்குப் பிள்ளைகள் வந்துபோனார்கள் என்று மலைக்குத் தெரியுமாம். சோற்றுக் கிண்ணத்தின் நடுவே குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தினார்கள், அப்படிக் குத்திய சோறு செத்தவனுக்கு மட்டும்தான். குதிரை லாடம்போல் வளைந்த சுவருக்கு நடுவே கல், கல்லில் இரண்டு வரிசை எழுத்து, வலப்பக்க வரிசைக்குத் தங்கப்பூச்சு, இடப்பக்க வரிசைக்குச் சிவப்பு, ஓரத்தில் சின்ன எழுத்தில் பிள்ளைகள் பெயர். தங்கம் கிழவனின் பெயர், சிவப்பு சியூ லான் பெயர் என்று ஒரு பொடியன் சொன்னான். ஆணுக்குத் தங்கம், பெண்ணுக்குக் குங்குமம் என்று தெய்வானை புரிந்துகொண்டாள். அம்மாவுக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டு அப்பனை மூளியாக விட்டிருக்கிறார்களே, எவ்வளவு கெட்டவனாக இருந்தாலும் செத்தவனுக்கு ஒரு பொட்டு வைப்பதில் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தாள். அவள் வீட்டில் காத்தமுத்து, பொன்னம்மாள் படங்களுக்கு வெள்ளி தவறாமல் பொட்டு வைக்கிற கை அது.

எல்லோரும் ஊதுவத்தி கொளுத்தத் திரும்பிய நேரத்தில் அவள் கல்லருகே போனாள். குங்குமத்தில் பன்னீர் விட்டுக் குழைத்தாள். படத்துக்கு வைத்தால் நெற்றி தெரியும், எழுத்துக்கு எது நெற்றி என்று அவளுக்குத் தெரியவில்லை, ஒன்றுக்கு வைத்து ஒன்றை விடுவானேன் என்று மேலிருந்து கீழ்வரை ஒவ்வோர் எழுத்துக்கும் வைத்தாள். குழைத்தது கொஞ்சம் நீர்த்துவிட்டதால் குங்குமம் வழிந்து, உளி வெட்டிய பள்ளங்களில் ஓடி, தங்கத்தை மூடி, கிழவனின் பெயர் முழுவதையும் சிவப்பாக்கிவிட்டு நின்றது.

கிம் ஹுவாட் திரும்பிப் பார்த்ததும் போட்ட கூச்சலில் மலையில் மற்ற குடும்பங்கள்கூடப் படையலை விட்டுவிட்டு ஓடி வந்தன. "சிவப்பு உயிரோடிருக்கிறவர்களுக்கு! அம்மா உயிரோடிருக்கிறாள், அதனால் சிவப்பு! செத்தால் தங்கம்! நீ என்ன செய்தாய் என்று தெரிகிறதா?"

"அழிச்சிடறேன்," என்று தெய்வானை முந்தானையை எடுத்தாள்.

"தொடாதே!" என்று அலறினான் அவன். "சிவப்பை அழித்தால் ஆளைக் கொன்றதாகும்!"

அப்பா சாப்பிட்டு முடித்தாரா என்று கேட்க அவன் இரண்டு பிறைக் கட்டைகளை எடுத்துத் தரையில் போட்டான். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் ஆமாம். இரண்டும் குப்புற விழுந்தன. மறுபடி போட்டான், குப்புற. எத்தனை தடவை போட்டாலும் குப்புற, அதாவது இல்லை, இன்னும் பசிக்கிறது. படையலை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் கீழே இறங்கினார்கள், கடைக்கு வந்து பார்த்தால் புதைத்தபோது உடுத்திய பட்டுச் சட்டையோடு கிழவன் நாற்காலியில் உட்கார்ந்து, ஈ ஓட்டிக்கொண்டு, நெத்திலியை ஏன் வெயிலில் வைத்திருக்கிறாய் என்று வேலைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஆ லியான் இத்தனை வருஷப் பழக்கத்தில் மாமனார் கிண்ணத்துச் சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைத்துவிட்டாள். கிழவன் கிண்ணத்தைச் சுவரில் எறிந்தான். அந்த வீட்டில் எல்லாம் பழையபடி ஆயிற்று என்று அக்கம்பக்கம் அப்போதே புரிந்துகொண்டது.

ஊர் இதைப் பழகிக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். ஓங் வம்சச் சங்கத்தில் அவன் படத்துக்கு ஊதுவத்தி காட்டுவதா வேண்டாமா என்று மாலை முழுக்கச் சண்டை போட்டு, கடைசியில் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். அடையாள அட்டைக்குப் போனபோது இறந்தவர் நேரில் வர வேண்டும் என்றார்கள், நேரில்தான் வந்திருக்கிறேன் என்றான், அப்படியானால் இறந்தவர் யார் என்று கேட்டார்கள், கிழவன் காறித் துப்பிவிட்டு வந்துவிட்டான். சவப்பெட்டிக் கடைக்காரன் அவனைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய் நடந்தான். மலாய்க்காரப் போலீஸ்காரர் ஒருவர் மட்டும் தினமும் கடைக்கு வந்து கருவாடு வாங்கி, "அந்தப் பக்கம் வெயில் எப்படி, தௌக்கே?" என்று முதலாளிக்குரிய மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார், கிழவன் கருவாட்டு விலையை மட்டும் சொன்னான்.

தமிழர்கள் தெய்வானை வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள். அம்மா படம், மாமா படம், லாரியில் அடிபட்ட மகன் படம் என்று நெஞ்சில் அணைத்துக்கொண்டு வந்து பொட்டு வைக்கச் சொன்னார்கள். அவள் வைத்தாள், யாரும் வரவில்லை, எரித்துச் சாம்பலைக் கடலில் விட்டவர்கள் எந்தக் காலால் நடந்து வருவார்கள்? வராததற்கும் அவளைத்தான் ஏசினார்கள். "சீனனுக்குன்னா கை ராசி, நம்மாளுக்குன்னா இல்ல, ரத்தம் எங்க போவும்?" என்று கோயில் தலைவர் சங்கரலிங்கம் நாலு பேர் கேட்கச் சொன்னார். எதிர்வீட்டுப் பவளக்கொடி மட்டும் வரிசையை விலக்கிக்கொண்டு வந்து, "தாயி, எங்க வீட்டுக்காரரு சமாதிப் பக்கம் மட்டும் போயிராத, இப்பத்தான் நிம்மதியா தூங்கறேன்," என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

தெய்வானைக்கு இதில் எதுவும் உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது ஒன்றுதான்: அம்மா பூக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கிழவன் வந்த அன்றே சியூ லானின் அறையைப் பிடுங்கிக்கொண்டு அவளைக் கருவாட்டு மூட்டைகளுக்கிடையே படுக்க வைத்திருந்தான், அவள் பாட்டுக் கேட்கிற வானொலியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருந்தான், வாசலைத் தாண்டினால் காலை ஒடிப்பேன் என்று சொல்லியிருந்தான். அவன் செத்த பிறகுதான் அவள் வாழ ஆரம்பித்திருந்தாள், ஊருக்கே தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை தெய்வானை தனியாக மலையேறிக் கல்லைப் பார்த்தாள். கிழவன் பெயர் கொழுத்துப்போய், அப்போதுதான் குழைத்து வைத்ததுபோல் ஈரச் சிவப்பாக இருந்தது. பக்கத்தில் அம்மாவின் பெயர் வெளுத்து, விளிம்பெல்லாம் உதிர்ந்து, கல் தெரிந்தது. ஒரே கல்லில் இரண்டு சிவப்புக்கு இடமில்லை போலிருக்கிறது. அடுத்த வெள்ளி இன்னும் வெளுத்திருந்தது. கடையின் பின்வாசல் வழியாகப் போய் அம்மாவைப் பார்த்தாள், சியூ லானின் உதடும் நகமும் அதே மாதிரி வெளுத்திருந்தன, "நாக்கு ருசி இல்ல. குரல் வரல," என்று மூட்டைகளுக்கிடையிலிருந்து சொன்னாள், அதைச் சொல்லவே அவளுக்கு மூச்சு வாங்கிற்று.

தெய்வானை வீட்டுக்கு வந்து குங்குமச் சிமிழைத் தூக்கி வெளியே எறிந்தாள். அவள் புருஷன் ராசமாணிக்கம், லாரி ஓட்டிக் களைத்து வந்த மனிதர், அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து இருந்த இடத்திலேயே வைத்தார். "சிமிழு என்னா பண்ணுச்சு?" என்றார். "போய் அந்தாள் பேரைக் கழுவிட்டு வா."

"கழுவுனா செத்துருவாருங்க."

"ஏற்கெனவே செத்த ஆளுதான்லா."

ஆனால் சொல்வது சுலபம். பிறந்த அன்றே அவளைக் கூடையில் போட்டு வெளியேற்றினார்களே, அப்பனைத் தின்னி என்று, அந்தப் பழியை ஒரு ஆயுள் முழுக்கப் பொய்யாக்கி வாழ்ந்துவிட்டு, இப்போது தன் கையாலேயே மெய்யாக்குவதா? கிம் ஹுவாட்டும் ஆ லியானும் எதிர்பார்த்ததும் அதைத்தான். கடையைக் கிழவனிடம் பறிகொடுத்துவிட்டு அவன் சாப்பிடும்வரை கை கட்டி நின்று, அவன் எச்சில் துப்பும் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்த கிம் ஹுவாட்டுக்கு அப்பன் போனால் போதும். ஆனால் பெற்ற மகன் அப்பன் பெயரிலிருக்கும் சிவப்பைத் தொடலாமா, வம்சமே காறித் துப்பாதா? அவள் தொட்டால் யாருக்கு நஷ்டம்?

கிழவனுக்கும் இது தெரியும். அவனே ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டான். கடையில் நாற்காலியை விட்டு எழாமல், வாடிக்கையாளர்களிடம் பழகிய தமிழில் பேசினான்.

"சாமியாடி சொன்னான், நீ என்னத் தின்னும். நீ தின்னல. உயிர் குடுத்து." சிரித்தான், அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் இருந்தது. "நல்ல பொண்ணு. என்ன வேணும்?"

"அம்மாவ என்னோட அனுப்புங்க."

"அது முடியாது. வேற கேளு."

"அவங்க சாவறாங்க. கல்லப் போயிப் பாருங்க."

"பொம்பள செத்தா அந்தப் பக்கம் தங்கம் அடிப்பான். அவ்வளவுதான்," என்றான். பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்தான். "உன் பேர் கல்லுல போடறேன். கிம் ஹுவாட் பேருக்குக் கீழ. சொந்தப் பிள்ளை. நீ மலைக்குப் போகாத, சிவப்பத் தொடாத. சரி?"

தெய்வானை எழுந்து வந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, அதை மறைத்துப் பயனில்லை. காத்தமுத்து அப்பா உயிராக வளர்த்தவர், பொன்னம்மாள் மடியில் வைத்துத் தலை வாரியவள், அவர்கள் கொடுத்த பெயரில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. இருந்தும், பெற்றவர்கள் கூட்டத்தில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று ஓர் ஆசை உள்ளே இருந்துகொண்டே இருந்தது, கேரட்டை வாங்கிக்கொண்ட அந்தச் சின்னப்பெண்ணின் ஆசை.

கல்தச்சன் மலைக்குப் போன செய்தி வந்ததும் அவளால் இருக்க முடியவில்லை. பின்னாலேயே போனாள். அவன் வேலையை முடித்துக் கருவிகளைக் கட்டிக்கொண்டிருந்தான், கிம் ஹுவாட் பெயருக்குக் கீழே மூன்றே எழுத்தில், புதுச் சிவப்பில், ஒரு பெயர் இருந்தது. அவள் விரலால் தடவினாள். கல்லின் தூள் விரலில் ஒட்டியது.

"என் பேரு என்னன்னு எழுதியிருக்கு?" என்று மலாயில் கேட்டாள்.

கல்தச்சன் படித்துக் காட்டினான், பிறகு கொஞ்சம் சங்கடப்பட்டான். உனக்கு அவர்கள் பெயரே வைக்கவில்லையாம், என்ன வெட்டட்டும் என்று கேட்டதற்கு, எது சீக்கிரம் வெட்டி முடியுமோ அதை வெட்டு என்று தௌக்கே சொன்னாராம். அதனால் கோடு குறைவான எழுத்தாகப் பார்த்துத் தானே போட்டேன் என்றான்.

தெய்வானை கல்லிலிருந்து கையை எடுத்தாள். அப்போதுதான் அம்மாவின் பெயரைப் பார்த்தாள். முழுக்க வெறும் கல். கடைசி எழுத்தின் கொக்கி ஒன்றில் மட்டும், நகக்கண் அளவு சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு வந்த கோபம் இன்னாரென்று பார்க்கவில்லை, கிழவன்மேல், சாமியாடிமேல், வரிசையில் நின்று ஏசியவர்கள்மேல், இந்தச் சீக்கிரம் வெட்டிய பெயரைத் தடவிப் பூரித்துப்போன தன்மேல். தண்ணீருக்குத் திரும்பினாள். கீழே பாதையில் கிம் ஹுவாட்டின் கார் நின்றிருந்தது. அவன் குடையைப் பிடித்துக்கொண்டு, மற்ற கல்லறைகளில் புல் செதுக்குகிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினான்: "வேண்டாம்! அவர் நம் அப்பா! செய்யாதே!" கத்தினானே தவிர ஓர் அடி மேலே ஏறவில்லை. ஆ லியான் மட்டும் மூச்சிரைக்க ஏறி வந்து, ஒரு வாளித் தண்ணீரைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"புல்லுக்கு ஊற்றத்தான் கொண்டு வந்தேன்," என்றாள், தெய்வானையின் முகத்தைப் பார்க்காமல். "இங்கேயே இருக்கட்டும்." துணி ஒன்றையும் வாளி விளிம்பில் போட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

அவர்கள் துணியைத் தெய்வானை தொடவில்லை. தன் முந்தானையை நனைத்தாள். மேல் எழுத்திலிருந்து ஆரம்பித்து, வைத்ததைப்போலவே ஒன்றையும் விடாமல், பள்ளம் பள்ளமாக விரல் விட்டுத் துடைத்தாள். குங்குமம் கரைந்து அவள் முழங்கை வழியாக ஓடிற்று. அடியில் பழைய தங்கம் மங்காமல் இருந்தது. கடைசி எழுத்தைத் துடைத்த நேரத்தில், கடையில் கிழவன் நெத்திலி மூட்டையைப் பிரித்தவனைப் பார்த்து "கை என்ன..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லையாம், நாற்காலியில் பட்டுச் சட்டை மட்டும் சூடாகக் கிடந்ததாம்.

அதே ஈரக்கையோடு அவள் இடுப்பிலிருந்து சிமிழை எடுத்துக் குங்குமத்தைக் கெட்டியாகக் குழைத்தாள். அம்மாவின் பெயரை அந்தக் கொக்கியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி நிரப்பினாள். ஒரு பள்ளம் விடாமல் அழுத்தி அழுத்தி நிரப்பினாள். "இருங்கம்மா. இருங்க," என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது.

கிம் ஹுவாட் அப்பனுக்கு இரண்டாம் முறை செய்த சாவுச் சடங்கு முதல் முறையைவிடப் பெரிதாக இருந்தது. காகித வீடு, காகிதக் கார், காகித வேலைக்காரர்கள், ஊரையே கூட்டி அழுகை. சாக்குத்துணி போட்டுக்கொண்டு அவன் தெருவில் மண்டியிட்டு, "சாமியாடி அன்றைக்கே சொன்னான்! தின்றுவிட்டாள்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டதைப் பார்த்து அழாதவர் இல்லை. வாசலில் மேசைமேல் தட்டு, தட்டில் துணித்துண்டுகள், பிள்ளைகளுக்குச் சாக்கு, பேரன்களுக்கு நீலம், மருமகன்களுக்கு வெள்ளை, வருகிறவர்கள் தங்கள் நிறத்தை எடுத்து இடது கையில் குத்திக்கொண்டு உள்ளே போனார்கள். தெய்வானை போனபோது ஆ லியான் தட்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். மறுநாளே கல்தச்சனைக் கூப்பிட்டு அந்த மூன்று எழுத்தில் சிமெண்டைப் பூசினார்கள். கோயிலில் சங்கரலிங்கம், அப்பனைக் கொன்ற கை கட்டிய மாலை அம்மனுக்கு ஆகுமா என்று கேட்டார், திருவிழாவுக்குப் பூ வெளியூரிலிருந்து வந்தது. தெய்வானையின் கடையில் மல்லிகை வாடிற்று. அவள் தினமும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைக்கு ஒருவரும் வராத ஒரு காலை வேளையில் சியூ லான் வந்தாள். கைத்தடி ஊன்றி, மெல்ல மெல்ல, ஆனால் உதடு சிவந்து, நகம் சிவந்து, தெரு முழுவதும் பார்க்க நடுத்தெருவில் நடந்து வந்தாள். பையிலிருந்து ஒரு துண்டுச் சாக்குத்துணியையும் ஊக்கையும் எடுத்தாள்.

"தட்டுல எடுத்து வந்து," என்றாள். "மருமக பாக்கல. உனக்கு. சொந்தப் பிள்ளை." எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்க, தெய்வானையின் ரவிக்கை இடது கையில் அதைக் குத்தினாள்.

தெய்வானை குனிந்து அந்தத் துணியைப் பார்த்தாள். ஒரு காலத்தில் கேட்டது, இவ்வளவு வருஷம் கழித்துக் கிடைத்திருக்கிறது. ஊக்கைக் கழற்றித் துணியை எடுத்து, அம்மாவின் கையைப் பிடித்து விரித்து, அதில் வைத்து மூடினாள்.

"இந்தக் கைக்கு வேண்டாம்மா," என்றாள். "எடுத்து வைங்க. வலது கைக்குப் போட்டுக்கறேன்."

சியூ லானுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பெற்றவளைப் பார்த்து உன் சாவுக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னால் வேறு எந்தச் சீன வீட்டிலும் செருப்புதான் பறந்திருக்கும். கிழவி சிரித்தாள், தோள் குலுங்க, குரல் திரும்பி வந்துவிட்ட சிரிப்பு. துணியை நாலாக மடித்துப் பையின் அடியில் வைத்து, மேலே பொத்தான் போட்டாள்.

"சரி," என்றாள், வாடாத சரமாகப் பார்த்துப் பூக்கூடையைக் கிளறிக்கொண்டே. "ஆனா அவசரம் இல்ல."